பெயர்த்து வந்த நிழல்

சுகிர்தம் காட்டிலிருந்து பெயர்த்து வந்த செடிகளோடு கூடவே அங்கே நின்ற ஒரு மரத்தின் நிழலும் வந்துவிட்டது என்று தெரிந்தபோது, வேங்கைக்கொம்பையில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மலைமேல் குடியிருப்பவர்களுக்கு மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து அடுப்படி வரைக்கும் உலாத்திவிட்டுப் போவதும், எதிர்மலையில் பெய்கிற மழை இங்கே வெறும் வாசனையாக வந்து சேர்வதும் பழகிப்போன சங்கதிகள், இதில் நிழல் ஒன்று இடம் மாறி வந்ததில் என்ன பெரிய அதிசயம் என்று இருந்துவிட்டோம். எங்கள் கவலையெல்லாம் அது யார் வாசலில் எவ்வளவு விழுகிறது என்பதாகத்தான் இருந்தது.

அவள் செடி தேடிப் போனதற்குக் காரணம் ஒரு சாவு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் உயிர் போனால் மற்ற வீட்டுக்காரர்கள் அவரவர் வாசல் பாத்தியில் பூத்ததைப் பறித்துக்கொண்டுபோய்க் காலடியில் வைப்பது வழக்கம், இந்துவோ கிறிஸ்துவரோ எல்லாருக்கும் அதுதான் முறை. கடைப்பூ ஆகாது. கடைப்பூ நாலு கை பட்டு வந்தது, நம் கைத்தண்ணீர் குடித்த பூதான் போகிறவரோடு கொஞ்ச தூரமாவது கூடப் போகும் என்பார்கள். ஆகையால் எங்கள் தெருவில் உப்பு புளி இல்லாத வீடுகூட உண்டு, பூ இல்லாத வீடு கிடையாது, சுகிர்தத்தின் வீட்டைத் தவிர.

அவள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவள் வீட்டுக்குத் தெற்கே வேதமுத்து மூன்று மாடிக்கு லாட்ஜ் எழுப்பிய நாளிலிருந்து அவளுடைய வாசல் பாத்தி வெயிலின் முகத்தையே பார்த்ததில்லை. ரோஜா வைத்தாள், தண்டு கறுத்துப்போனது. டேலியா வைத்தாள், கிழங்கு அழுகியது. எந்த மண்ணிலும் சிரிக்கிற செண்டுமல்லிகூட அவள் பாத்தியில் நெட்டையாக வளர்ந்து ஒரு மொட்டும் விடாமல் சாய்ந்தது. எதிர்வீட்டுக் குருவம்மாவின் மாமனார் இறந்தபோது சுகிர்தம் வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு வந்தாள். குருவம்மா அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, பிணத்தின் பக்கம் கொண்டுபோகாமல், ஜன்னல் கம்பியில் மாட்டினாள். தூக்கிக்கொண்டு போகும்வரை மாலை அங்கேயே தொங்கியது, வந்தவர் போனவர் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுச் சுகிர்தத்தைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

அவளுடைய கணவர் இஞ்ஞாசி மினி பஸ் ஓட்டுகிறவர். எங்கள் ஊரிலிருந்து கிளம்பித் தேயிலை எஸ்டேட்டுக்குள் ஏறி, ஏழாம் நம்பர் காடு என்று சொல்கிற கடைசித் தேயிலைச் சரிவில் திரும்பி வருகிற பஸ். பெண்டாட்டி இரண்டு நாள் சாப்பிடாமல் பாத்தியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பொறுக்காமல் அவர் சொன்னார்.

"ஏ சுகிர்தம், சோலைக்குள்ள வெயிலா அடிக்கி? அங்க பூக்கலையா? நெழல்ல பூக்குறத நெழல்ல வையி. அத விட்டுட்டு வெயில்ல பூக்குறதக் கொண்டாந்து நட்டுப்போட்டு அழுதா அது என்னத்தச் செய்யும்?"

அன்றிலிருந்து அவள் காலை வண்டியில் ஏறி ஏழாம் நம்பரில் இறங்குவதும் அடுத்த நடையில் திரும்புவதுமாக இருந்தாள். தேயிலை வைப்பதற்காகச் சோலையை வெட்டி வெட்டிக் கடைசியில் அந்தச் சரிவின் ஓரத்தில் ஒற்றை மலைநாவல் மரம் ஒன்றுதான் மிஞ்சி நின்றது, மிஞ்சியதும் சும்மா மிஞ்சவில்லை, ஒரு சோலை முழுக்கத் தர வேண்டிய நிழலைத் தான் ஒருத்தனாகவே தந்துவிடுவது என்கிற பிடிவாதத்தோடு கிளைகளை விரித்து நின்றது. வெட்டுப்பட்ட காட்டின் பூவெல்லாம் பிழைக்க வழி தேடி அதன் காலடியில்தான் வந்து ஒண்டியிருந்தன.

சுகிர்தம் கண்டதையும் பிடுங்குகிறவள் இல்லை. புடவைக் கடையில் ஒரு சேலைக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறவள், செடிக்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டாள். சாவு மாதம் பார்த்து வராது, ஆகவே எந்த மாதம் வந்தாலும் பாத்தியில் ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. மழைக்காலத்துக்குக் காட்டுக் காசித்தும்பையை எடுத்துக்கொண்டாள், ரோஸ் நிறம், தண்ணீர் சொட்டினால் போதும் என்று சிரிப்பது. ஆடிக் காற்றுக்கு நடுங்காமல் பூக்கிற, தரையோடு கிடக்கிற வெள்ளை ஆர்க்கிட் கொஞ்சம். பனிக்காலத்துக்குப் பொட்டு அளவில் ஊதாப்பூ விடுகிற ஒரு கொடி. இலையின் அடிப்பக்கம் சிவந்து, தண்டைக் கடித்தால் புளிக்கிற செடி ஒன்று இருக்கிறது, அது வருஷத்தில் பாதி நாள் பூத்துக்கொண்டிருக்கும், அதைப் பாறை இடுக்கிலிருந்து நோகாமல் எடுத்தாள். பின்வரிசைக்கு உயரமாக, வெள்ளையாக, ஒரு பர்லாங்குக்கு மணக்கிற காட்டு இஞ்சி. இடைவெளி தெரியாமல் இருக்கப் பெரணி. எது எதற்கு முன்னால், எது எதன் தோளில் சாய வேண்டும் என்றெல்லாம் மனசில் நட்டுப் பார்த்து, பிடுங்கிப் பார்த்து, கடைசியில் ஒரு நாள் வேரோடு மண்ணும், மண்ணோடு மக்கிய இலையுமாகச் சாக்குகளில் அள்ளிப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மரத்தடியில் மண் தெரிந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கிருந்துக்கா இதெல்லாம்?" என்று குருவம்மா தெருவைத் தாண்டி வந்து கேட்டபோது சுகிர்தம் மண்கையோடு நிமிர்ந்து, "எங்க அம்மா வீட்டுக் கெணத்தடியில கெடந்ததுதான்" என்றாள். காட்டில் தோண்டினேன் என்றால் ஃபாரஸ்ட் கார்டு வருவான் என்ற பயம் கால்வாசி, எனக்கும் சீர் வந்தது என்று சொல்லிக்கொள்கிற ஆசை முக்கால்வாசி. அந்தப் பொய் அவள் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது.

மறுநாள் காலையில் வெயில் ஏறியபோது நிழல் வந்திருந்தது. லாட்ஜின் நிழல் எல்லாருக்கும் தெரிந்தது, சிமெண்டு நிறத்தில் கட்டம் கட்டமாகச் செத்துக் கிடப்பது. இது அதற்கு மேலே விழுந்தது. இலை இலையாக, கிளை கிளையாக, அசைந்துகொண்டு, இலைகளுக்கு நடுவே சிந்துகிற வெயில் பொட்டுகளையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆகவே எத்தனையோ வருஷமாக வெயில் படாத அந்தப் பாத்தியில் முதல்முறையாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்தது, செடிகள் இடம் மாறியதையே அறியாமல் பூத்தன. நிழல் பாத்தியோடு நிற்கவுமில்லை. வாசலைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, தெருவில் பாதியை மூடிக்கொண்டு, ஈர இலை வாசனையோடு கிடந்தது. மேலே பார்த்தால் வெறும் வானம்.

எங்கள் தெரு அந்த நிழலை எப்படிச் சுவீகரித்துக்கொண்டது என்பதைச் சொன்னால் மலையில் இருப்பவர்களின் லட்சணம் தெரிந்துவிடும். இஸ்திரி வண்டிக்காரர் அன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு நிழலுக்குள் வந்துவிட்டார். வத்தல் காயப்போடுகிறவர்கள் நாலு நாள் முணுமுணுத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். கோயில் பூசாரி இது அம்மன் குடை என்றார், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் ஆண்டவரின் சிறகு என்றார், இரண்டு பேருமே மத்தியானம் அங்கே வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். பறவைகள்தான் கொஞ்ச நாள் ஏமாந்தன, கிளை இருக்கும் என்று நம்பி வந்து உட்காரப்போய்த் தடுமாறி, பிறகு அவையும் பழகிக்கொண்டு தரையில் விழுந்த கிளை நிழலின் மேலேயே வரிசையாக உட்கார்ந்தன.

பிறகு கேட்பதற்குக் கை நீண்டது. "அக்கா, எனக்கொரு வேரு" என்று குருவம்மாதான் முதலில் கேட்டாள். சுகிர்தம் ஒரு காட்டு இஞ்சிக் கிழங்கைக் கிள்ளிக் கொடுத்தாள், குருவம்மாவின் பாத்தியில் அது ஊன்றிய மறுநாள் அவள் வாசலிலும் ஒரு கிளை நிழல் விழுந்தது. பிறகென்ன, வீட்டுக்கு வீடு. கேட்டவர் வீட்டுக்கெல்லாம் அவள் தானே போய், தானே குழி தோண்டி, எது எங்கே நிற்க வேண்டும் என்று தானே பார்த்து நட்டுக் கொடுத்தாள். வேதமுத்துகூட தன் லாட்ஜ் முற்றத்தில் தொட்டிகளில் வாங்கி வைத்து, நிழலுக்குள் நாற்காலி போட்டு, டூரிஸ்ட்டுகளுக்கு அங்கேயே டீ கொடுத்தார். அந்த வருஷம் எங்கள் தெருவில் பிலோமினா டீச்சர் இறந்தபோது சுகிர்தம் மடி நிறைய ஊதாவும் வெள்ளையும் கொண்டுபோனாள், ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள், இப்படியொரு பூவைப் பார்த்ததில்லை என்று அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுச் சொன்னார்கள். அவள் வேண்டியது அதுதான். அது கிடைத்துவிட்டது.

தூளி வந்தது மாசியில். ஒருநாள் காலையில் வெயில் முறுகி, தெருவில் நிழல் அழுத்தமாக விழுந்திருந்த நேரத்தில், சரியாகக் குருவம்மா வீட்டுக்கும் லாட்ஜுக்கும் நடுவே, ஒரு தடித்த கிளையின் நிழலிலிருந்து புதிதாக ஒரு சேலைத் தூளியின் நிழல் தொங்கியது. உள்ளே எதுவோ கனத்தது. காற்றில்லாமலேயே ஆடியது, யாரோ கால் கட்டைவிரலால் கயிற்றை இழுத்து ஆட்டுகிற மாதிரி, நின்று நின்று. சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு போன மாதிரி மறைந்தது. மறுநாள் மறுபடி வந்தது.

அதையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். குழந்தைகள் தூளி நிழலுக்கு அடியில் படுத்துப் பார்த்தன. பெண்கள் அதைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், பிள்ளை தூங்குகிறது என்று. இஸ்திரிக்காரர் வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். பிள்ளையில்லாத ஒருத்தி அதைச் சுற்றிவந்து கும்பிட்டாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், அந்த இடத்தில் கோலம்கூட விழுந்தது. நல்ல சகுனம், நம் தெருவில் தொட்டில் ஆடுகிறது என்று மெச்சிக்கொண்டோம். அந்தத் தூளி யாருடையது என்று மட்டும் எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள், எங்கள் எல்லார் மடியிலும் ஒவ்வொரு வேர் இருந்தது.

சுகிர்தத்துக்குத் தெரியும். அவள் காலை வேலையை விடிவதற்குள் முடித்துக்கொண்டு, தூளி நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். பங்குனி பிறந்து வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியபோது, தூளி நிழல் ஆடுவது மாறியது. ஒரு கை தெரிந்தது. விரல் விரித்து, துணியை உதைத்துக்கொண்டு, ஒரு கால். மத்தியானத்தில் அதன்மேல் யாரோ எதையோ கட்டி மறைக்கப் பார்ப்பதும், காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போவதும் தரையில் தெரிந்தன. குளுகுளுவென்ற அந்த நிழலில் உட்கார்ந்து நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு பட்டாணி தின்றோம்.

சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்தபடி இஞ்ஞாசியிடம் கேட்டாள். "மேல அந்த மரம் எப்பிடி இருக்கு?"

"இருக்கு" என்றார் அவர். குழம்பை ஊற்றிப் பிசைந்தார். "தையில அடிச்ச காத்துல எஸ்டேட்டுப் பிள்ளைக் கொட்டகை கூரை போயிருச்சு. இன்னும் போட்டுக் குடுக்கல. கைப்பிள்ளைகள மரத்துலதான் தொங்கப் போட்டிருக்காளுக. சோத்து நேரத்துல எல்லாரும் என் வண்டி நெழல்ல வந்து ஒக்காந்துக்கிடுறாளுக. அவளுக திங்குற மட்டும் நான் வண்டிய எடுக்குறதில்ல."

பஸ் தினமும் தாமதமாக வருகிறது என்று நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பெண்டாட்டியை ஏன் என்றும் கேட்கவில்லை, என்ன செய்யப் போகிறாய் என்றும் கேட்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

ஒருநாள் மத்தியானம் ராக்கம்மா எங்கள் தெருவுக்கு வந்தாள். ஏழாம் நம்பரில் கொழுந்து பறிக்கிறவள், இடுப்பில் ஒரு பெண்குழந்தை, எட்டு மாதம் இருக்கும், முகமும் கைகளும் வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற வழி. பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டே வந்தது, எங்கள் நிழலின் ஓரத்துக்குள் அவள் ஒரு காலை வைத்ததும் அழுகையை நிறுத்தியது. நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. மேலே எங்களுக்கு ஆகாயம்தான் தெரிந்தது, அந்தப் பிள்ளை எதையோ பார்த்துக் கையைத் தட்டிச் சிரித்தது, உறவுக்காரர் வீட்டு வாசலில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி.

ராக்கம்மா தரையைச் சுற்றிப் பார்த்தாள். கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இது எங்க மரத்து நெழலுல்ல" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. காணாமல்போன ஆடு இன்னொரு தொழுவத்தில் நல்லபடியாக நிற்பதைப் பார்த்தவள் சொல்கிற மாதிரி சொன்னாள். "சாக்கு கெட்டிப் பாத்தோம், காத்துக்கு நிக்கல. குடைய வச்சிக்கிட்டு ஒருத்தி நின்னா கொழுந்து யாரு எடுக்க?"

குருவம்மாதான் முந்திக்கொண்டாள். "ஒங்க மரமாவது? இது எங்க சுகிர்தம் அக்கா அவுக அம்மா வீட்டுல இருந்து கொண்டாந்த சீரு. கேட்டுப் பாரு. அக்கா, சொல்லுங்கக்கா."

சுகிர்தம் வாசற்படியில் நின்றிருந்தாள். தெரு முழுக்க அவளைப் பார்த்தது. அவளுடைய பொய்யை அவளுக்காக இன்னொருத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லக் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது, தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்றுதான் ஆட்டினாள். ராக்கம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பிடியா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கண் சொருகித் தூங்குகிற மட்டும் எங்கள் நிழலில் நின்று, பிறகு முந்தானையை அதன் முகத்தில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். தெருமுனை திரும்பியதும் பிள்ளை மறுபடி அழுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு சுகிர்தத்துக்கு எங்கே கையை வைத்தாலும் அந்தத் தலையாட்டல்தான் ஞாபகத்தில் வந்தது. ஒரு சின்ன அசைவு. பாத்திரம் கழுவும்போது, ஜெபமாலை உருட்டும்போது, பூவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது தன் கழுத்து தன்னையறியாமல் ஆமாம் ஆமாம் என்று ஆடுவதாக அவளுக்குத் தோன்றியது. கண்ணாடி பார்க்காமலே தலைவாரிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் பாத்தியில் உட்கார்ந்தாள். காசித்தும்பையில் ஆரம்பித்து ஒன்று விடாமல், நட்டதைவிடப் பொறுமையாக, ஒரு வேர் அறாமல் எடுத்துச் சாக்கில் வைத்தாள். அவள் வாசல் பழைய சிமெண்டு நிழலுக்குத் திரும்பியது. பிறகு எழுந்து குருவம்மா வீட்டுக்குப் போனாள்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் பிச்சை எடுப்பதைவிடக் கேவலம். கக்கியதை நாய்தான் திரும்பத் தின்னும் என்று ஏசுவார்கள். அவள் தெருவின் நடுவில் நின்றுகொண்டு எல்லார் காதிலும் விழும்படியே சொன்னாள்.

"நான் சொன்னது பொய்யி. எங்க அம்மா வீட்டுல கெணறே கெடையாது. அந்தப் பிள்ளைக தூங்குற மரத்தடியில நான் திருடுனது இதெல்லாம். ஒங்களுக்குக் குடுத்ததும் திருட்டுதான். திருப்பிக் குடுத்துருங்க தாயே, ஒங்க காலப் பிடிச்சிக் கேக்கேன்."

நாங்கள் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாங்கள் திட்டவில்லை. ராக்கம்மா வந்துபோன மூன்று நாளும் நாங்களும் அந்த நிழலில்தான் உட்கார்ந்திருந்தோம், பேச்சு மட்டும் குறைந்திருந்தது. குருவம்மா உள்ளே போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்தாள். சிலர் பூத்து முடியட்டுமே என்றார்கள். சிலர் ஒரு வேரை மட்டும் வைத்துக்கொள்ளலாமா, ஒரு கிளை நிழல் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இழுத்தார்கள், சுகிர்தம் அவர்கள் வாசலில் நின்றாள், அவள் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தோண்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாத்தியும் காலியாகக் காலியாகத் தெருவில் நிழல் கிளை கிளையாகச் சுருங்கி வந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது எங்களுக்கு அன்று மண்டையில் சுட்டது.

வேதமுத்து மட்டும் மறுத்தார். "நான் தொட்டியில வச்சிருக்கேன், என் மண்ணு, என் தண்ணி. நீ திருடுனதுக்கு நான் என்னம்மா செய்ய? சீசன் நேரத்துல வந்து கேக்குற." சுகிர்தம் அவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவர் கணக்குப் பார்க்கிற மேஜைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஊரில் மிஞ்சியிருந்த நிழலெல்லாம் லாட்ஜ் முற்றத்தில் ஒரே ஒரு கிளையாகக் கிடந்தது. அது தூளி தொங்குகிற கிளை. டூரிஸ்ட்டுகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தூளியின் நிழல் வந்து அவர்கள் மேஜைமேல் தொங்கியது, அது ஆடத் தொடங்கி, பிறகு உதைக்கத் தொடங்கி, பிறகு கை மட்டும் வெளியே வந்து காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஒரு பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். இன்னொருவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டார், நிழல் அங்கேயும் வந்தது. வேதமுத்து சத்தம் கேட்டு வெளியே வந்தார், அந்தக் கையின் நிழல் அவருடைய வெள்ளைச் சட்டையின் மேல், வயிற்றுக்கு நேராக, விரிந்து மூடி விரிந்து மூடி நின்றது. தட்டிவிடப் பார்த்தார். சட்டையைத் திருப்பிப் போட்டாலும் அது போகாது என்று அவருக்கு எப்போது புரிந்ததோ, தொட்டிகளைத் தானே இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், இஞ்ஞாசியின் பஸ் படியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஏற்றினோம். பஸ்ஸில் ஆளுக்கு இடமில்லை, செடிதான் உட்கார்ந்து போனது, நாங்கள் கொஞ்சம் பேர் நின்றுகொண்டு போனோம். ஏழாம் நம்பரில் அந்த மரம் உச்சி வெயிலில் காலடியில் ஒரு கறுப்பும் இல்லாமல் நின்றது, பார்க்கச் சங்கடமாக இருந்தது, வேட்டி அவிழ்ந்துபோன பெரிய மனுஷரைப் பார்த்த மாதிரி நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். தூளிகள் தொங்கின. சுகிர்தம் யாரையும் கிட்டே விடாமல் தானே முழங்காலிட்டு நட்டாள். இந்தமுறை எது முன்னால், எது பின்னால் என்று பார்க்கவில்லை. இருந்த இடத்திலிருந்த குழிகளைத் தேடித் தேடி வைத்தாள்.

நட்டு முடித்தும் நிழல் வரவில்லை. கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் சோற்று நேரத்துக்கு இறங்கி வந்து சுற்றி நின்றார்கள், பிள்ளைகள் சிணுங்கின. பிறகு துணிக்கு அடியிலிருந்து ஈரம் ஊறி மேலே வருகிற மாதிரி, தரையில் ஒரு இலை தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஒரு காம்பு, ஒரு கொப்பு, ஒரு கிளை, அப்புறம் எல்லாம். தூளிகளின் மேல் குளிர்ச்சி இறங்கியது. சிணுங்கல் ஒவ்வொன்றாக நின்றது.

பெண்கள் பெரிதாக ஒன்றும் கொண்டாடவில்லை. உள்ளே போய்க் காலை நீட்டி உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். சுகிர்தம் வெளியே வெயிலில் நின்றாள்.

"நெழலுக்குள்ள வாங்க டிரைவரம்மா" என்றாள் ராக்கம்மா.

சுகிர்தம் அசையவில்லை. அவள் தெருவில் சொன்னதை இங்கேயும் சொல்லியாக வேண்டும், இவளிடம் சொல்லாமல் அது சொன்னதாகாது. "ராக்கம்மா, அன்னைக்கு நான் தலைய ஆட்டுனது பொய்யி. நாந்தான் இதெல்லாம் தோண்டி..."

"தெரியும்மா" என்றாள் ராக்கம்மா. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "மேக்காட்டுல கொழுந்து எடுத்துக்கிட்டே நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். நீங்க ஒவ்வொண்ணா மோந்து பாக்குறதும், தடவிக் குடுக்குறதும், எடுக்கவா வேண்டாமான்னு நிக்கிறதும். பாவம் ஆசைப்படுதேன்னு இருந்துச்சு. கங்காணி கீழ எறங்கப் பாத்தாரு, அந்தப் பக்கம் கட்டுவிரியன் கெடக்குன்னு சொல்லி வேற பக்கம் அனுப்பிவிட்டோம். பூவுதானே, எடுத்துட்டுப் போவட்டும்னு நாந்தான் சொன்னேன். நெழலும் கூடவே போவும்னு யாரு கண்டா?"

சுகிர்தம் கேட்டாள். "அப்ப அன்னைக்குத் தெருவுல ஏன் சொல்லல?"

ராக்கம்மா இது என்ன கேள்வி என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். "அத்தன பேரு முன்னால ஒங்கள எப்பிடிச் சொல்ல?"

சுகிர்தம் அழுதிருக்கலாம், அழவில்லை. காலில் விழுந்திருக்கலாம், விழுந்தால் அதையும் அவர்கள் பெரிய மனசோடு தூக்கிவிட்டிருப்பார்கள், அதை அவளால் தாங்க முடியாது. பொழுது மெல்லச் சாய்ந்தது. சாயச் சாய மரத்தின் நிழல் நகர்ந்து வந்து அவள் பாதத்தைத் தொட்டது. அவள் ஓர் அடி பின்னால் போனாள். அது மறுபடி வந்து தொட்டது, அவள் மறுபடி பின்னால் போனாள், இஞ்ஞாசி வண்டியில் ஏறி ஆரன் அடிக்கிற மட்டும் அவள் அப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.